புழுக்களின் எண்ணிக்கை மாறவில்லை

எலியின் சிறுகுடலை நீளவாக்கில் கத்தரித்து, வெதுவெதுப்பான உப்புநீர் விட்ட தட்டில் விரித்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்ததுமே புழுக்கள் தெரிந்துவிடும். தேட வேண்டியதில்லை. செக்கச்செவேலென்று, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, குடலுறிஞ்சிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டு கிடக்கும். மெல்லிய இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தால் லேசில் வராது. நீளும், இன்னும் கொஞ்சம் நீளும், பிறகு சட்டென்று பிடியை விடும். அதை எடுத்து அடுத்த தட்டில் போட வேண்டும். ஒன்று. பிறகு அடுத்தது. இரண்டு.

ஒட்டுண்ணி ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். என் வேலையில் பாதி இந்த எண்ணிக்கைதான். புழுவின் பெயர் ஹெலிக்மோசோமாய்டீஸ் பாலிகைரஸ். காட்டு எலிகளின் குடலில் இயற்கையாக வாழ்வது. எலி அதன் லார்வாவை விழுங்கியதும் அது முன்சிறுகுடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு தசை அடுக்குவரை இறங்கிவிடும். சுமார் எட்டு நாள் அங்கேயே இருந்து தோலுரித்து வளரும். பிறகு சுவரைத் திரும்பவும் துளைத்துக்கொண்டு குடலின் உள்வெளிக்கு வந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிடத் தொடங்கும். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் எலி இனத்தில் இந்தப் புழு மாதக்கணக்கில் நிலைத்துவிடும்.

நான் சொல்ல வந்த நாளில் என் மேசையில் இரண்டு கூட்டம் எலிகளின் குடல்கள் இருந்தன. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நாளில் ஒரே அளவு லார்வாக்களைக் கொடுத்திருந்தோம். ஒரு கூட்டத்தின் உடம்பில் மட்டும் ஒரு வகை வெள்ளணுவை அழித்திருந்தோம். டிப்தீரியா நச்சை ஊசியில் ஏற்றினால் அந்த ஒரு வகை மட்டும் செத்துப்போகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள் அவை. அந்த வெள்ளணுவின் பெயர் ஒழுங்குமுறை டி செல். ஆய்வகப் பேச்சில் டி-ரெக். நோயெதிர்ப்பு மண்டலத்தின் பிரேக் என்று எல்லாப் பாடங்களிலும் படித்திருந்தேன். பிரேக்கைக் கழற்றியாயிற்று, எதிர்ப்பு பாய்ந்து வந்து புழுக்களைத் துரத்தியிருக்கும், இந்தக் கூட்டத்தில் எண்ணிக்கை பாதியாவது குறைந்திருக்கும் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன்.

எண்ணி முடித்தேன். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. சந்தேகத்தில் இன்னொரு முறை எண்ணினேன். மாறவில்லை.

குடல்தான் மாறியிருந்தது. டி-ரெக் இல்லாத எலிகளின் குடல் தடித்து வீங்கியிருந்தது. விரித்துப் போட்டால் தட்டில் படியாமல் சுருண்டுகொண்டது. வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தபோது சவ்வுக்குள் மாஸ்ட் செல், ஈசினோபில் என்ற அழற்சி வெள்ளணுக்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அந்த எலிகள் எடையும் இழந்திருந்தன. புழுக்கள் அப்படியே இருக்க, எலி மட்டும் நோயாளியாகிவிட்டது. இதே முடிவை வேறொரு ஆய்வகம் முன்பே கண்டு எழுதியிருந்ததைப் பிற்பாடு படித்தேன். ஆனால் என் கண்ணால் பார்த்த அன்றைக்கு எழுந்த கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. இந்தச் செல்கள் யாருக்காக வேலை செய்கின்றன? புழுவுக்கா, நமக்கா?

முதலில், புழுவை உடம்பு எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பாக்டீரியாவை ஒரு செல் விழுங்கிச் செரித்துவிடலாம். வைரஸ் புகுந்த செல்லைக் கொன்றுவிடலாம். மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழு 30 சென்டிமீட்டர் வரை வளரும். அதை எந்தச் செல் விழுங்கும்? ஆகவே உடம்பு வேறு வழி வைத்திருக்கிறது. புழு ஒட்டிக்கொள்ளும் தரையையே மாற்றிவிடுகிறது.

குடலின் உள்பரப்பில் டஃப்ட் செல் என்று ஒன்று உண்டு. தலையில் சிறு குடுமிபோல் நாரிழைகள் நிற்கும். பல பத்தாண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்து வந்தும் அதற்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2016இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் அடுத்தடுத்துக் கண்டுபிடித்தன. புழு வந்திருப்பதை மோப்பம் பிடிப்பது இந்தச் செல்தான். பிடித்ததும் இன்டர்லூகின்-25 என்ற சேதியை அனுப்புகிறது. சவ்வுக்குக் கீழே தங்கியிருக்கும் ஒரு வகை நிணநீர் செல்கள் அதைக் கேட்டு இன்டர்லூகின்-13ஐச் சுரக்கின்றன. அது குடலின் மூலச் செல்களிடம் போய், இனிமேல் டஃப்ட் செல்லும் சளி சுரக்கும் செல்லுமாகப் பெற்றுத் தள்ளு என்கிறது. புதிய டஃப்ட் செல்கள் இன்னும் அதிகமாக இன்டர்லூகின்-25 அனுப்ப, ஓரிரு வாரத்தில் குடலின் மேற்பரப்பே வேறாகிவிடுகிறது. சளி பெருகுகிறது, தசை வேகமாகச் சுருங்குகிறது, மேற்பரப்புச் செல்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உதிர்ந்து புதிதாகின்றன. எதிர்ப்பை வழிநடத்தும் டி செல் என்ற வெள்ளணுக்களில் இரண்டாம் வகை உதவிச் செல்கள் வந்து சேர்ந்ததும் இது இன்னும் வலுக்கும். சளியால் வழுக்கி, நீரால் கழுவி, தசையால் தள்ளி வெளியே அனுப்புவதுதான் உத்தி.

எலிகளில் வாழும் இன்னொரு புழு நிப்போஸ்ட்ராங்கைலஸ். அது இந்த எதிர்ப்பில் பத்து நாளுக்குள் மொத்தமாக வெளியேறிவிடும். எங்கள் சிவப்புப் புழுவோ அதே எதிர்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சுருண்டு படுத்து மாதக்கணக்கில் முட்டையிடும். வித்தியாசம் எங்கே என்று தேடிப் போனவர்கள் டி-ரெக்கிடம் வந்து சேர்ந்தார்கள்.

டி-ரெக்குக்கும் ஒரு கதை உண்டு. எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் இருக்கின்றன என்று 1970களிலேயே ரிச்சர்ட் கெர்ஷன் போன்றவர்கள் சொல்லி, அதைச் சுற்றி ஒரு பெரிய ஆய்வுத் துறையே வளர்ந்தது. அந்தச் செல்களின் அடையாளம் என்று கருதப்பட்ட மரபணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கக் கூசினார்கள். அந்தக் கூச்சத்துக்கு நடுவில் ஜப்பானில் ஷிமோன் சககுச்சி விடாமல் தோண்டிக்கொண்டிருந்தார். டி செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பியைப் பிறந்து மூன்றாம் நாளில் எடுத்துவிட்டால் எலிக்குட்டியின் எதிர்ப்பு மண்டலம் பலவீனமாகத்தானே ஆக வேண்டும்? மாறாக, அது சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கியது. அப்படியானால் தடுத்து நிறுத்தும் செல் ஒன்று தைமஸிலிருந்து வந்தாக வேண்டும். 1995இல் அதன் மேற்பரப்பு அடையாளத்தை அவர் காட்டினார்.

மற்றொரு நூல் அமெரிக்காவில் ஓடியது. 1940களில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தற்செயலாகத் தோன்றிய ஓர் எலி வம்சம். ஆண்குட்டிகள் தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரங்களிலேயே செத்துப்போகும். அதற்குக் காரணமான மரபணுவை மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டில் 20 மரபணுக்கள்வரை குறுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியாகப் பார்த்த இருபதாவதில் கண்டுபிடித்தார்கள். அது ஃபாக்ஸ்பி3. 2001இல் வெளியானது. ஃபாக்ஸ்பி3தான் டி-ரெக்கை டி-ரெக் ஆக்குகிறது என்று 2003இல் உறுதியானபோது இரண்டு நூல்களும் ஒன்றாகப் பின்னின. மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்த அன்று நான் பழைய ஆய்வகத் தோழிக்குத் தொலைபேசியில் பேசினேன். இருவருக்கும் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. அத்தனை வருடம் நாங்கள் சாயமேற்றிய புரதம் அது.

அந்தச் சாயமேற்றலைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாக்ஸ்பி3 செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. சாயம் ஒட்டிய ஆன்டிபாடி அங்கே போய்ச் சேர வேண்டுமானால் முதலில் செல்லை அசையாமல் நிலைப்படுத்தி, பிறகு சவ்வில் ஓட்டை போட வேண்டும். ஆகவே மனதில் கொள்ள வேண்டியது, திரையில் டி-ரெக் என்று தெரியும் ஒவ்வொரு புள்ளியும் அந்த நேரத்தில் உயிரோடில்லாத ஒரு செல். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி ஒவ்வொரு செல்லாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட, திரையில் புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும். சாதாரண எலியில் உதவி டி செல்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துவரை வலது மேல் மூலையில் சிறு மேகமாக விழும். புழு தொற்றிய எலியின் குடல் சார்ந்த நிணநீர் முடிச்சை ஓட்டும்போது அந்த மேகம் அடர்த்தியாவதைக் கண்ணாலேயே காணலாம். டி-ரெக் அழித்த எலியில் அந்த மூலை வெறிச்சென்றிருக்கும்.

இந்தச் செல் எப்படி அடக்குகிறது? பல வழிகள். மற்ற டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2ஐத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மற்ற டி செல்களைத் தூண்டிவிடும் டென்ட்ரிட்டிக் செல்லின் மேலிருந்து தூண்டுமூலக்கூறுகளைச் சுரண்டி எடுத்துவிடும். இன்டர்லூகின்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற இரண்டு தணிப்புச் சேதிகளைச் சுரக்கும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒன்று. காயம்பட்ட திசுவில் இந்தச் செல்கள் ஆம்ஃபிரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, சேதமான இடத்தை ஆற்றவும் உதவுகின்றன. பிரேக் என்ற உவமை எனக்குப் போதாமல் போனது இங்கேதான்.

புழு இதில் சும்மா இருப்பதில்லை. 2005இல் ஓர் எடின்பரோ குழு சிவப்புப் புழு தொற்றிய எலிகளின் டி-ரெக்குகளை எடுத்து, புழுவே இல்லாத, ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஏற்றியது. ஆஸ்துமா மாதிரியான மூச்சுக்குழல் அழற்சி அடங்கிவிட்டது. குடலில் இருக்கும் புழுவின் பாதிப்பு நுரையீரலில்! அப்படியானால் புழு ஏதோ ஒன்றைச் சுரந்து இந்தச் செல்களைப் பெருக்குகிறது. எங்கள் ஆய்வகத்திலும் எடுத்த புழுக்களை வீசிவிட மாட்டோம். பலமுறை கழுவி, குளுக்கோஸ் கலந்த ஊட்டக் கரைசலில் உயிரோடு வைத்திருப்போம். அவை சுரந்து விடுவதெல்லாம் கரைசலில் சேரும். இளமஞ்சள் திரவம். அதில் ஒரு சொட்டு, எந்த வேலைக்கும் இன்னும் பழகாத டி செல்கள்மேல் விழுந்தால், சில நாளில் அவற்றில் ஒரு பங்கு ஃபாக்ஸ்பி3ஐ ஏற்றிக்கொண்டு டி-ரெக்காக மாறிவிடும். 2010இல் இது வெளியானது. அந்தத் திரவத்தில் இதைச் செய்வது எது என்று பிரித்துக் கண்டுபிடிக்க மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.

கண்டுபிடித்ததைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டி செல்லை டி-ரெக்காக மாற்ற நம் உடம்பு பயன்படுத்தும் சாவி டிஜிஎஃப்-பீட்டா. புழுவிடம் இருந்ததும் அதே பூட்டைத் திறக்கும் ஒரு புரதம். ஆனால் அது டிஜிஎஃப்-பீட்டாவின் உறவே இல்லை. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை கிடையாது, மடிப்பும் வேறு. முற்றிலும் வேறொரு புரதக் குடும்பத்தின் ஐந்து துண்டுகளைக் கோத்து, அதே ஏற்பியில் கச்சிதமாக உட்காரும்படி புழுவின் பரிணாமம் செதுக்கியிருக்கிறது. டிஜிஎம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதல் மூன்று துண்டுகள் டிஜிஎஃப்-பீட்டாவின் ஏற்பிகளைப் பிடிக்கின்றன. மீதி இரண்டும் டி செல்லின் மேலிருக்கும் சிடி44 என்ற இன்னொரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்வதாகப் பிறகு தெரிந்தது. எல்லாச் செல்களையும் சீண்டாமல் வேண்டிய செல்லிடம் மட்டும் பேசுவதற்கான ஏற்பாடு அது. நம்முடைய டிஜிஎஃப்-பீட்டா ஓர் உறைக்குள் பூட்டப்பட்டே வெளிவரும், யாராவது உறையைக் கழற்றினால்தான் வேலை செய்யும். புழுவின் சாவிக்கு உறை கிடையாது. வெளிவந்த கணமே திறக்கும். எலிகளில் அந்நியத் தோல் ஒட்டை உடம்பு நிராகரிப்பதைக்கூட இந்த ஒரு புரதம் தள்ளிப்போட்டது.

இதே புழு இன்னொரு புரதத்தால், திசு காயப்படும்போது எழும் இன்டர்லூகின்-33 என்ற அபாயச் சேதியைச் செத்த செல்லின் டிஎன்ஏவோடு சேர்த்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதுவும் 2017இல்தான் தெரியவந்தது.

இவ்வளவையும் படிக்கும் எவரும், டி-ரெக் புழுவின் கைக்கூலி என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதற்குச் சான்றும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டீஸ் ராட்டி என்ற புழு தொற்றிய எலிகளில் டி-ரெக்கை நீக்கியபோது புழுக்கள் உண்மையிலேயே குறைந்தன. யானைக்கால் புழுவின் உறவான, எலிகளின் ஃபைலேரியப் புழு ஒன்றிலும் அப்படியே. என் மேசையில் ஏன் வேறாக நடந்தது? புழுவுக்குப் புழு, எலி இனத்துக்கு எலி இனம், டி-ரெக்கை எடுத்த நாளுக்கு நாள் விடை மாறுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுபோல் தோன்றும். நான் ரொம்ப நாள் அதில் குழம்பியிருக்கிறேன்.

இன்றைக்கு என் கருத்து இது. இந்தச் செல்கள் புழுவுக்காகவும் வேலை செய்யவில்லை, எதிர்ப்பு மண்டலத்துக்காகவும் வேலை செய்யவில்லை. குடல் சுவருக்காக வேலை செய்கின்றன. குடல் சுவரின் உள்மேற்பரப்பு ஒற்றைச் செல் தடிமனில் ஒரு திரை. அந்தப் பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். ஒவ்வொரு லார்வாவும் உள்ளே துளைத்து, எட்டு நாள் கழித்து வெளியே துளைத்து, இரண்டு முறை அந்தத் திரையைக் கிழிக்கிறது. நூறு லார்வா என்றால் இருநூறு கிழிசல். அந்த நேரத்தில் உடம்பு முழு வேகத்தில் அழற்சியை ஏவினால், கிழிந்த திரைக்கு இந்தப் பக்கமே தீ பிடிக்கும். புழுவைத் துரத்தக் கிடைக்கும் ஆதாயத்தைவிடத் திரை எரியும் நஷ்டம் பெரிது என்ற நிலையில், இருக்கிற சுவரை டி-ரெக் காக்கிறது. புழு நீண்ட பரிணாமத்தில் கண்டுகொண்டது அந்தக் கணக்கைத்தான். தன் பக்கம் கொஞ்சம் எடை கூட்டிவைக்க ஒரு சாவி செய்துகொண்டது.

இதற்கு ஒத்து வரும் இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. டி-ரெக் என்றென்றைக்கும் டி-ரெக்காகவே இருந்துவிடுவதில்லை. இதே சிவப்புப் புழுவின் தொற்றில், இன்டர்லூகின்-4 நிறைந்த சூழலில், ஒரு பகுதி டி-ரெக்குகள் ஃபாக்ஸ்பி3ஐக் கைவிட்டுப் புழுவை எதிர்க்கும் உதவிச் செல்களாக மாறிவிடுகின்றன என்று 2017இல் காட்டினார்கள். காவலில் நின்றவரே களத்தில் இறங்குகிறார். கைக்கூலிக்கு இப்படி ஒரு சுதந்திரம் இருக்குமா?

மனிதர்களிடம் வருவோம். யானைக்கால் நோய் குடல் சார்ந்ததில்லை, நிணநீர் நாளங்களில் வாழும் புழுவால் வருவது. ஆனாலும் என் மேசையில் நான் கண்டதை மனித அளவில் அதைவிடத் தெளிவாகக் காட்டும் நோயை நான் அறியேன். ரத்தத்தில் லட்சக்கணக்கில் குட்டிப்புழுக்கள் நீந்திக்கொண்டிருக்கும் ஒருவர் வெளியே எந்தக் குறியும் இல்லாமல் நடமாடுவார். அவர் உடம்பில் இன்டர்லூகின்-10 அதிகமாக இருக்கும், ஒவ்வாமையைக் கிளப்பாத ஐஜிஜி4 என்ற ஆன்டிபாடி உயர்ந்திருக்கும். கால் வீங்கிப்போன நோயாளியின் ரத்தத்திலோ பெரும்பாலும் குட்டிப்புழு ஒன்றுகூடக் கிடைக்காது. அவர் உடம்பு புழுவை விடாமல் எதிர்த்திருக்கிறது. ஒருவரின் நோயைப் புழுவின் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது.

ஆனால் இந்தச் சமாதானத்துக்கு விலை உண்டு. அடக்கும் குணம் புழுவோடு நிற்பதில்லை. ஈக்வடாரில் உருண்டைப்புழு தொற்றிய குழந்தைகளுக்கு முதலில் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்து, பிறகு வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது தடுப்பாற்றல் மேம்பட்டது. புழு இருந்த குழந்தைகளின் உடம்பு தடுப்பு மருந்தைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். எத்தியோப்பியாவில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியிலும் இதுபோன்றதே தெரிந்தது. இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் ஊர் முழுக்கப் பலமுறை புழு மாத்திரை கொடுத்த பிறகு மக்களின் எதிர்ப்புச் செல்கள் மற்ற கிருமிகளின் பொருட்களுக்கும் முன்பைவிட வலுவாகப் பதில் சொன்னதை அளந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மண் வழியாகப் பரவும் குடல்புழுக்கள் சுமார் 150 கோடிப் பேரிடம் இருக்கின்றன. கொக்கிப்புழு தினமும் ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது மிகச் சொற்பம். பல பத்துப் புழுக்கள் வருடக்கணக்கில் குடித்தால் ஒரு குழந்தை வெளுத்து, சோர்ந்து, வகுப்பில் கவனிக்க முடியாமல் போகிறது. டி-ரெக் அந்தக் குழந்தையின் குடலைக் காக்கலாம், ரத்தத்தைத் திருப்பித் தர முடியாது. ஆகவே இதை எழுதும் நான் பூச்சி மாத்திரை வேண்டும் என்ற கட்சிதான். இதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், புழு ஒவ்வாமையை அடக்கும் என்று எங்கோ படித்துவிட்டுப் புழு முட்டைகளை வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் என்னிடமே ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மூச்சுத் திணறலோடும் குடல் வலியோடும் வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் கிடைத்த கொம்பைப் பிடிக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஆய்வுகள் சொல்வதைத்தான். காபோன் நாட்டில் ரத்தப்புழு தொற்றிய பள்ளிப்பிள்ளைகளிடம் தூசிப்பூச்சி ஒவ்வாமை குறைவாக இருந்ததும், அந்நாட்டுப் பிள்ளைகளின் குடல்புழுக்களுக்குச் சிகிச்சை கொடுத்த பிறகு அந்த ஒவ்வாமை கூடியதும் உண்மை. ஈக்வடாரில் ஒரு வருடம் தொடர்ந்து புழு மருந்து கொடுத்தும் ஒவ்வாமை கூடவில்லை என்பதும் உண்மை. பன்றியின் சாட்டைப்புழு முட்டைகள் 2500ஐ மூன்று வாரத்துக்கு ஒருமுறை க்ரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ள 29 பேருக்குக் கொடுத்த 2005ஆம் ஆண்டின் சோதனையில், 24 வாரத்தில் 21 பேருக்கு நோய் தணிந்திருந்தது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மாத்திரைக் குழு இல்லை. அப்படி ஒரு குழுவை வைத்துப் பெரிதாக நடத்திய சோதனையில் புழு முட்டை வெறும் மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. 2020இல் வெளியான ஒரு பிரிட்டன் சோதனையில் பல்லிழைமத் தடிப்பு என்ற நரம்பு நோய் உள்ள 71 பேரில் ஒரு பாதியினருக்கு 25 கொக்கிப்புழு லார்வாக்களைத் தோல் வழியாக ஏற்றினார்கள். ரத்தத்தில் டி-ரெக் விகிதம் கூடியது. மூளையில் புதிய புண்களின் மொத்த எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. செல் ஏறினால் நோய் இறங்கும் என்ற நேர்கோடு மனித உடம்பில் இல்லை.

எல்லாவற்றையும் தாண்டி என் மனதில் தங்கியிருப்பது அர்ஜென்டினாவில் நடந்த ஒன்று. அதே பல்லிழைமத் தடிப்பு நோய். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் நரம்புகளின் உறையையே தின்னும் கொடுமை. நோயாளிகள் 12 பேரின் ரத்தத்தில் ஈசினோபில் ஏறியிருந்ததால் பரிசோதித்துப் பார்க்க, குடலில் புழு இருந்தது. யாரும் ஏற்றிவிட்டதில்லை, தானாக வந்தது. புழு இல்லாத வேறு 12 நோயாளிகளோடு சேர்த்து அவர்களை நான்கரை ஆண்டுகளுக்கு மேல் ஹோர்ஹே கொரேயாலேயும் மௌரிசியோ ஃபாரஸும் கவனித்து வந்தார்கள். 2007இல் அதை வெளியிட்டார்கள். புழு உள்ளவர்களுக்கு நோய் திரும்பத் தாக்கியது மிகமிகக் குறைவு. அவர்களின் ரத்தத்தில் டி-ரெக்குகளும் இன்டர்லூகின்-10உம் டிஜிஎஃப்-பீட்டாவும் உயர்ந்திருந்தன.

ஐந்து ஆண்டுகளுக்கு மேலான பிறகு அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்குப் புழுவினாலேயே தொந்தரவு அதிகமானது. மருந்து கொடுத்தாக வேண்டிய நிலை. கொடுத்தார்கள், புழு போயிற்று. அடுத்த மாதங்களில் அவர்களின் டி-ரெக்குகள் குறையத் தொடங்கின. நரம்பு நோய் திரும்பி வந்தது, மூளைப் படங்களில் புதிய புண்கள் தெரிந்தன.

வெறும் நான்கு பேர்தான். புள்ளிவிவரக் கணக்கில் இதற்கு எடை கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மருத்துவர்கள் மாத்திரையைக் கையில் எடுத்த நிமிடத்தை அடிக்கடி யோசித்துப் பார்க்கிறேன். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. கொடுத்தால் என்ன போகும் என்று அவர்களுக்கு அப்போதே ஓரளவு தெரியும், அவர்களே கண்டுபிடித்ததுதானே. எங்கள் உறைபெட்டியில் சிவப்புப் புழுவின் அந்த இளமஞ்சள் திரவம் சிறு சிறு குப்பிகளில் மைனஸ் 80 டிகிரியில் இருந்தது. மூடியில் தேதியும் அளவும் என் கையெழுத்தில். அதற்குள்ளே உறையில்லாத அந்தச் சாவியும் இருந்திருக்கிறது. குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கப்படவில்லை.